அணைந்திருந்த வளையங்கள்

தொழிற்சாலையில் அவருக்குத் தூறல் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது. மூச்சுத்திணறல்காரர்கள் மருந்து இழுக்கும் கருவிகளைச் செய்கிற இடம் அது. கருவியிலிருந்து வரும் மருந்துத் துளி எவ்வளவு பெரியது என்று அளப்பது அவர் வேலை. கேண்டீனில் உட்கார்ந்தால் எதிர் பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள்: "இன்னிக்கு வானிலை எப்படிக்கா?"

"உன் தலைக்கு மேல மட்டும் இடி" என்பார். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும்.

பள்ளி முடித்ததும் பேக்கிங் பிரிவில் சேர்ந்தவர். அட்டைப்பெட்டி மடிப்பதில் கை வேகம், வாய் அதைவிட வேகம். ஒருமுறை, பெட்டிக்குள் போகவிருந்த இன்ஹேலர் ஒன்றின் சீறல் மற்றவை மாதிரி இல்லை என்று அதைத் தனியே எடுத்து வைத்தார். பிரித்துப் பார்த்தால் அதன் ஊசித்துளையில் பிளாஸ்டிக் பிசிறு. இந்தக் காதைப் பேக்கிங்கில் வைத்து வீணடிப்பதா என்று ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். மாலை வகுப்பில் டிப்ளமா முடித்தார். அப்போதே கல்யாணமும் ஆயிற்று.

ஆய்வகத்தில் அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர்களுக்குக் கறுப்பு வண்ணம். மின்விசிறிக்கும் அனுமதியில்லை, காற்று அடித்தால் துளிகள் கலைந்துவிடும். நடுவில் நீளமான மேசை. அதன் ஒரு முனையிலிருந்து நூல் மாதிரி சிவப்பு லேசர் கிளம்பும். மறு முனையில் ஒரு லென்ஸ், அதன் பின்னால் நாணயம் அளவுக்கு ஒரு தகடு. குளத்தில் கல் எறிந்தால் கிளம்பும் அலைபோல, அந்தத் தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள்.

மருந்துச் சாரல் லேசரைக் குறுக்கே கடக்கும்போது ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும். பெரிய துளி லேசாகத் தள்ளும். வெளிச்சம் உள்வளையங்களில் விழும். சின்னத் துளி அகலமாகச் சிதறடிக்கும், வெளிவளையங்களில் விழும். எந்த வளையத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பதை வைத்துக் கணினி துளிகளின் அளவைக் கணக்கிட்டுத் திரையில் ஒரு மேடு வரைந்து காட்டும். மேடு இடப்பக்கம் இருந்தால் நல்ல துளி. வலப்பக்கம் நகர்ந்தால் ஆபத்து.

"துளி பெரிசா இருந்தா மருந்து நிறையப் போகுமே, நல்லதுதானே?" என்று புதிதாக வந்த விற்பனைப் பிரிவுக்காரர் ஒருவர் கேட்டார்.

"பெரிய துளிக்குத் திரும்பத் தெரியாது சார். வேகமா வர்ற லாரி மாதிரி. தொண்டை வளையற இடத்துல நேராப் போய்ச் சுவத்துல மோதிரும். சின்னதுதான் வளைஞ்சு வளைஞ்சு நெஞ்சுக்குள்ள போகும். அஞ்சு மைக்ரானுக்குக் கீழே இருக்கணும். உங்க தலைமுடி அதுக்கு முன்னாடி தூண் மாதிரி."

விற்பனைக்காரர் தலையைத் தடவிக்கொண்டார். அங்கே தூண்கள் குறைவு.

வீட்டிலும் இதே மருந்துதான். அவருடைய மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று அவர் குரல் சொன்னால் கூட்டம் அப்படியே திரும்பி நடக்கும். ஓய்வு பெற்றபின் நுரையீரல் அவரைக் கைவிட்டது. இப்போது ஒரு வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். காலையும் மாலையும் நெபுலைசர். சின்ன மோட்டார் ஒன்று காற்றைத் தள்ளும். கையளவு பிளாஸ்டிக் கப்பில் இருக்கும் தண்ணீர் மருந்து சாரலாகும். அதை மாஸ்க் வழியாக இழுக்க வேண்டும். கப் மருமகளின் தொழிற்சாலையில் செய்தது. மருமகளே அளந்து பாஸ் போட்டது.

"எங்க வீட்டு மருந்துக்கு எங்க வீட்டுலயே ஐஎஸ்ஐ முத்திரை" என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெருமை மழைக்காலத்துக்கு முன் குறையத் தொடங்கியது.

"தாயே, இந்தக் கப்பு... சரியில்ல போலிருக்கு. மருந்தெல்லாம் தொண்டையிலயே... கசக்குது. கீழ இறங்க மாட்டேங்குது."

"கழுவிக் காய வச்சுத்தானே மாமா பயன்படுத்தறீங்க?"

"கழுவறேன், துடைக்கறேன்... கொஞ்சறது மட்டும்தான் பாக்கி."

தூறல் வேறு கப் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் கசந்தது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு மருந்தின் அளவை ஏற்றினார். மாமாவின் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளரை இரண்டு கையால் பிடித்தார். மாடிப்படி ஏறுவது நின்றுபோனது, பிறகு தெருமுனைக் கடைக்குப் போவதும் நின்றுபோனது.

மறுபடி கப்பைப் பற்றிப் பேச்செடுத்தபோது தூறலுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, தினம் அதைத்தான் அளக்கறேன். ஒரு கப்புகூடத் தப்பா வரல. வியாதி கூடியிருக்கு, அதை ஒத்துக்க மனசு வரல உங்களுக்கு."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கணவர் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தார். "ஏன் இப்படிப் பட்டுனு சொல்ற?"

"விடுடா" என்றார் மாமா. "அவ மெஷினு சொல்லுது... என் நெஞ்சு பொய் சொல்லுதுன்னு. ரெண்டுல எதுக்கு... கரண்டு இருக்கோ அது ஜெயிக்கும்."

வாயை அடைப்பதற்காகவே அவருடைய கப்பை ஒருநாள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார் தூறல். மதிய இடைவேளையில் மோட்டாரை இணைத்து லேசருக்குக் குறுக்கே பிடித்தார். திரையில் மேடு, இருக்க வேண்டிய இடத்தில், அழகாக. மாலையில் அதை மொபைலில் படமெடுத்துவந்து காட்டினார். மாமா படத்தைப் பார்த்தார், தலையாட்டினார், மாஸ்கை மாட்டிக்கொண்டார்.

இழுத்து முடித்து மாஸ்கைக் கழற்றியதும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மேல்துண்டால் துடைக்கப் போனார். மாஸ்கின் மேல்விளிம்பு வழியாகக் கசிந்த சாரல் எப்போதும் கண்ணாடியில் படும். துடைக்கும் முன் தூறல் அதைப் பார்த்துவிட்டார்.

கண்ணாடியில் புள்ளிகள். மங்கலான ஈரம் இல்லை. தனித்தனிப் புள்ளிகள், வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவில். ஐந்து மைக்ரான் துளி கண்ணாடியில் விழுந்தால் மூச்சுப் பட்ட மாதிரி லேசாக மங்கும், உடனே காய்ந்துபோகும். இப்படி உருண்டு நிற்காது.

"கொடுங்க மாமா."

"என்ன, கண்ணாடியையும்... அளக்கப் போறியா?"

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கண்ணால் பார்க்க முடிகிற துளியை மெஷின் ஏன் பார்க்கவில்லை? அந்தக் கேள்வியோடும் மாமாவின் கப்போடும் மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் கறுப்பு அறைக்குள் போனார்.

விடை திரையின் ஓரத்திலேயே இருந்தது. வளையங்களைக் காட்டும் சின்னப் படத்தில் நடுவே மூன்று வளையங்கள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அணைக்கப்பட்ட வளையங்கள்.

அவற்றை அணைப்பது அந்த ஆய்வகத்தின் பழைய வழக்கம். இன்ஹேலரில் மருந்தைத் தள்ளுவது ஒரு வாயு. வெளியே வந்ததும் அது ஆவியாகும். வெயிலில் தார்ச்சாலை மேல் காற்று நெளிவதுபோல லேசரின் பாதையும் நெளியும். நெளிந்த வெளிச்சம் உள்வளையங்களில் விழும். மெஷின் ஏமாந்து, ராட்சதத் துளிகள் வருவதாகக் காட்டும். அதனால் இன்ஹேலர் அளக்கும்போது உள்வளையம் மூன்றையும் அணைத்துவிடுவார்கள். "உள்வளையம் அணைச்சாச்சா?" என்று கேட்பது அங்கே அடுப்பை அணைத்தாயா என்று கேட்பது மாதிரி.

தொழிற்சாலை நெபுலைசர் கப் செய்யத் தொடங்கியபோது அளவிடும் முறையைக் கணினியில் ஏற்றியவர் தூறல்தான். புதிதாக எழுதவில்லை. இன்ஹேலருக்கு இருந்ததை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். அணைந்த வளையங்களும் கூடவே வந்துவிட்டன. தண்ணீர் மருந்தில் வாயு இல்லை, நெளிவும் இல்லை. அங்கே உள்வளையத்தில் வெளிச்சம் விழுந்தால் அது கானல் அல்ல, நிஜமான பெரிய துளி.

மூன்று வளையங்களையும் உயிர்ப்பித்துவிட்டு மாமாவின் கப்பை மறுபடி பிடித்தார். பழைய மேடு அங்கேயே இருந்தது. அதற்கு வலப்பக்கம் இன்னொரு மேடு எழுந்தது. முதல் மேட்டைவிட உயரமாக.

கப்பைத் துடைத்து இன்னொரு முறை பிடித்தார்; இரண்டு மேடும் அப்படியே வந்தன.

ஆய்வகத் தலைவி வந்ததும் அவரிடம்தான் முதலில் சொன்னார். வெளிநாட்டில் படித்தவர், குரல் உயர்த்தாதவர். முழுதும் கேட்டுவிட்டு, "கப்பு குளிர்ந்து அதனால நெளிவு வந்திருக்குமோ?" என்றார்.

"இந்த அளவுக்கா மேடம்? கண்ணாடியில புள்ளி புள்ளியா நிக்குது. கானல் எங்கயாவது கண்ணாடியை நனைக்குமா?"

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கப்புகளை ஓர் அலமாரியில் பூட்டி வைப்பது வழக்கம். இருவருமாக அவற்றை எடுத்து வரிசையாக அளந்தார்கள். பழையவற்றில் ஒற்றை மேடு, குறையில்லை. கப்புக்குள் பெரிய துளிகளைத் தடுத்து நிறுத்தும் சின்னத் தகடு ஒன்று உண்டு. அதற்குப் புது அச்சு வந்த பிறகு செய்த கப்புகளில் எல்லாம் இரட்டை மேடு. தகடு சற்றே சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பெரிய துளிகள் ஓரமாக நழுவி வெளியே வந்துகொண்டிருந்தன. அச்சு மாறியது மழைக்காலத்துக்கு முன்பு.

தலைவி கையுறையைக் கழற்றினார். "எல்லாத்துலயும் நீ பாஸ் போட்டிருக்க."

"ஆமா மேடம்."

"கீழ நானும் கையெழுத்து போட்டிருக்கேன்." கொஞ்ச நேரம் கையுறையையே மடித்துக்கொண்டிருந்தார். "வெளி லேப் ஒண்ணுல கொடுத்து உறுதி பண்ணிடலாம். ஒரு வாரம். அப்புறம் மேல சொல்லலாம்."

"சாயந்திரம் லாரி போகுது மேடம். ஆஸ்பத்திரிங்களுக்கு."

"எனக்குத் தெரியாதா? நான் மேல பேசறேன். அதுவரை நீ வாயைத் திறக்காத."

தலைவி கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினார். தூறல் வெளியே நின்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் தலைவி "சரி சார், சரி சார்" என்று தலையாட்டுவது தெரிந்தது. பிறகு உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். பேச்சு முடிகிற வழியாக இல்லை. கீழே லாரி பின்னோக்கி வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது.

தூறல் மேசை இழுப்பறையைத் திறந்தார். பாஸ் ஆன பெட்டிக்குப் பச்சை ஸ்டிக்கர், ஃபெயில் ஆனதற்குச் சிவப்பு. இரண்டையும் ஒட்டும் அதிகாரம் அவருக்குத்தான். பச்சைச் சுருள் தேய்ந்து மெலிந்திருந்தது. சிவப்பு பிரிக்காமலே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சரக்கு ஏற்றும் இடத்தின் பொறுப்பாளரை எல்லோரும் மீசை என்பார்கள். மீசையை எடுத்துப் பல காலமாயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. "வாங்கக்கா! மழை வர்ற நேரம் பார்த்து..." என்று தொடங்கியவர், அவர் கையிலிருந்ததைப் பார்த்து நிறுத்தினார்.

"கப்பு பெட்டி எதையும் ஏத்தாதீங்க."

"என்னக்கா விளையாடறீங்க? பாதி ஏத்தியாச்சு."

"இறக்குங்க."

"மேலருந்து எனக்கு ஒரு வார்த்தை வரணும்ல? நீங்க பாட்டுக்கு வந்து இறக்குன்னா? டிரைவர் என்னைத் தின்னுருவான்."

"பச்சை ஒட்டினது யாரு?"

"நீங்கதான்."

"பச்சையைப் பார்த்துத்தானே ஏத்துனீங்க? அப்ப நீங்க யார்கிட்ட வார்த்தை கேட்டீங்க?"

மீசை ஒதுங்கி வழிவிட்டார். தூறல் முதல் பெட்டியின் பச்சை மேல் சிவப்பை ஒட்டினார். கை வேகம் பேக்கிங் நாட்களிலிருந்து குறையவே இல்லை. லாரி மேல் ஏறி உள்ளே இருந்தவற்றுக்கும் ஒட்டினார். ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். ஒருவரும் ஜோக் அடிக்கவில்லை.

தலைவி படியிறங்கி ஓடிவந்தார். காலில் ஆய்வகச் செருப்பு.

"உன்னை வேலையை விட்டே தூக்குவாங்க. தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"ஒரு வாரம் பொறுத்திருந்தா..."

"ஒரு வாரத்துக்கு எத்தனை மூச்சு மேடம்? காலையில மாலையில இழுக்கறவங்க ஒரு வாரம் எதை இழுப்பாங்க?"

தலைவி பெட்டிகளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். கடைசியில், "லாரியை அனுப்பிருங்க" என்றார். "காலியா."

அன்று மாலை வீட்டில் கணவர்தான் கதவு திறந்தார். எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துச் சொன்னார் தூறல். கணவர் சுவரில் சாய்ந்து கேட்டார். "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. அவர் என்கிட்டதானே சொன்னார்."

பழைய அச்சில் செய்த கப் ஒன்றை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தார். அதில் மருந்து ஊற்றி மாமாவுக்கு மாட்டிவிட்டு, மோட்டார் இரைச்சல் நடுவே, விழுங்கிப்போன மருந்தால்தான் கை நடுங்கியது என்பது உட்பட, எல்லாம் சொல்லி முடித்தார். மாஸ்குக்கு மேலே அவருடைய கண்கள் அசையவில்லை. இழுத்து முடித்த பிறகுதான் பேசினார்.

"கசக்கல."

"ஆமா மாமா."

"கை நடுக்கம் வந்தப்ப... வயசாயிருச்சுன்னு நினைச்சேன். சாவு வந்து... கதவைத் தட்டுதுன்னு நினைச்சேன். உன்கிட்ட மறுபடி கேக்க... வெக்கமா இருந்துச்சு. புலம்பற கிழவன்னு... நினைப்பியேன்னு."

"நினைச்சேன் மாமா. அதான்..."

"போதும்." கையை உயர்த்தினார். கோபத்தில் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். கேலி செய்திருந்தால் பிழைத்திருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. "வெளிய எத்தனை பேரு... இதை இழுக்கறாங்க?"

"நிறையப் பேரு."

"அவங்க வீட்டுல... மருமக அங்க வேலை பாக்கல." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கப்புகளைத் திரும்பப் பெறுவதாக நிர்வாகம் அறிவித்தது. அறிவிக்காமல் இருக்க வழியில்லாமல் போயிருந்தது. சிவப்பு ஸ்டிக்கர் படம் அதற்குள் எல்லோர் மொபைலிலும் இருந்தது. தூறலை வேலையை விட்டு அனுப்பவில்லை, விசாரணை முடியட்டும் என்றார்கள். கறுப்பு அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கப் பற்றிக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல அலுவலகத்தில் மூன்று தொலைபேசி வைத்தார்கள். அதில் ஒன்றின் முன்னால் தூறலை உட்கார வைத்தார்கள். சொல்ல வேண்டியதையும் சொல்லிக்கொடுத்தார்கள்: மன்னிக்கணும், கப்பை நிறுத்துங்க, புதுசு அனுப்பறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. முக்கியமாக, உடம்புக்கு என்ன ஆயிற்று என்ற பேச்சே கூடாது.

பெரும்பாலானவர்கள் கத்தினார்கள். கத்துகிறவர்களைச் சமாளிப்பது சுலபம் என்று கண்டுகொண்டார். அப்படியிருக்கும்போது ஒருவர் கூப்பிட்டார். தையல் கடை வைத்திருப்பவராம். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கப்பு விஷயமாக் கூப்பிட்டேங்க. எங்க அம்மா அதைத்தான் வச்சிருந்தாங்க. போன மாசம் தவறிட்டாங்க."

தூறல் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கலாம்னு. கப்பு நல்லதா இருந்திருந்தா இருந்திருப்பாங்களா?"

பக்கத்து மேசைப் பெண், சொல்லிக்கொடுக்கப்பட்ட மூன்று வாக்கியங்களை யாருக்கோ ஒப்பித்துக்கொண்டிருந்தார். தூறல் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தார்.

"தெரியலைங்க. இருந்திருப்பாங்கன்னும் சொல்ல முடியாது, இருந்திருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது. மருந்துல பெரும்பங்கு நெஞ்சுக்குப் போகல. அது நிஜம். அளந்து நல்லா இருக்குன்னு சொன்னது நான்தான்."

மறுமுனையில் தையல் மெஷின் நின்றது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தார். வைக்கவில்லை, மூச்சு கேட்டது.

"நீங்களா?"

"நான்தாங்க."

"தொண்டை கசக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க. சர்க்கரை கொடுப்பேன். அந்தக் கப்பைத்தான் இப்ப என் பொண்ணுக்கு வச்சிருக்கேன். அவளுக்கும் இழுப்பு. கழுவிட்டுத்தான் கொடுத்தேன்."

"எப்பக் கொடுத்தீங்க?"

"இன்னிக்குக் காலையிலகூட."

"இனிமே அதுல கொடுக்காதீங்க. டாக்டர் இன்ஹேலர் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்காரா? வீட்டுல இருக்கா?"

"இருக்கு, நீல நிறத்துல."

"அது நல்லா இருக்கு. அதை அவர் சொன்னபடி கொடுங்க. இன்னிக்கே அவரைப் போய்ப் பாருங்க, கப்பு விஷயத்தைச் சொல்லுங்க. மூச்சு இப்ப எப்படி இருக்கு பொண்ணுக்கு? விலா உள்ள இழுக்குதா? பக்கத்துல இருக்காளா? போனை அவ வாய்கிட்டப் பிடிங்க."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். சுற்றிலும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறக்காமலே பக்கத்து மேசைப் பெண்ணிடம், சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். மறுமுனையில் ஒரு குழந்தை மூச்சை இழுத்து விட்டது. மறுபடி இழுத்தது.